கார்டிசால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? பிட்யூட்டரியிலிருந்து தொடங்குங்கள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இப்போதெல்லாம் கார்டிசாலையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள், பக்கத்தில் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்ற குறிப்பு வேறு. ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்து விழும்போது எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்றோ குறைவு என்றோ போட்டிருந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. கூகுளில் தேடினால் ஒருபக்கம் மூளைக்கட்டி என்று பயமுறுத்தும், இன்னொருபக்கம் ‘அட்ரினல் களைப்பு’க்கு மாத்திரை விற்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எவ்வளவு டென்ஷனில் இருக்கிறீர்கள் என்பதை ஒரே ஒரு கார்டிசால் எண் சொல்லாது. ஆபீஸ் தொல்லை, வீட்டுக்கடன், தூக்கமின்மை எதையும் அதை வைத்து அளக்க முடியாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியும் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினலும் ஒன்றுக்கொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பரிசோதனை. அதற்குக்கூட எண்ணோடு இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும்: ரத்தம் எடுத்த நேரம், நீங்கள் உட்கொண்ட மருந்துகளின் பட்டியல், பிட்யூட்டரி அட்ரினலுக்கு அனுப்பும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் அளவு.

யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள்

பிட்யூட்டரி பட்டாணி அளவுதான், எடை அரை கிராம் பக்கம். அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும், கூடவே வாசோபிரெஸின் என்ற இன்னொன்றும் கைகொடுக்கும். அது வந்ததும் பிட்யூட்டரியின் முன்பகுதி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது ரத்தத்தோடு பயணம் செய்து அட்ரினலின் வெளிப்பகுதிக்கு வந்து ‘கார்டிசால் தயார் செய்’ என்று சொல்லும். போதுமான கார்டிசால் ரத்தத்தில் வந்துவிட்டால் அந்தக் கார்டிசாலே மேலே போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கிவிடும். கீழே குறைந்தால் மேலே உத்தரவு கூடும், கீழே கூடினால் மேலே குறையும். இந்த ஒரு விதியை மனதில் பதித்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்த மாதிரி.

அட்ரினலில் நடக்கும் எல்லாமே பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்டு நடப்பதில்லை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள். மேலடுக்கு சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் உப்பையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு உத்தரவு பெரும்பாலும் சிறுநீரகத்தின் ரெனின் வழியாகவும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைப் பொறுத்தும் வருகிறது. நடு அடுக்கில்தான் கார்டிசால், அது முழுக்க ஏ.சி.டி.எச்.சை நம்பியிருக்கிறது. உள்ளடுக்கில் ஆண்தன்மை ஹார்மோன்கள். இந்த மூன்றுக்கும் உள்ளே, மையத்தில், ‘அட்ரினலின்’ என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கும் பகுதி. அதற்கு நேரடி நரம்புத் தொடர்பு இருப்பதால் பிட்யூட்டரியைக் கேட்க வேண்டியதே இல்லை.

பஸ் திடீரென்று பிரேக் போட்டதும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதே, அது இந்த ‘அட்ரினலின்’ ஹார்மோனின் வேலை, சில நொடிகளில் வந்து சில நிமிடங்களில் அடங்கிவிடும். கார்டிசால் பின்னால் வருகிறது. அதிர்ச்சி தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும், அதற்குள் நீங்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கூட இருப்பீர்கள். கார்டிசால் சர்க்கரையை ரத்தத்துக்குக் கொண்டுவரும், ரத்தக்குழாய்கள் அட்ரினலினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும்படி வைத்திருக்கும், வீக்கமும் எதிர்ப்புசக்தியும் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும். சாதாரண நாளிலும் உடம்புக்கு இது தேவை. காய்ச்சல், ஆபரேஷன், விபத்து என்றால் வழக்கத்தைவிடப் பல மடங்கு தேவை, ஆரோக்கியமானவருக்கு அந்த நேரத்தில் பிட்யூட்டரியே உத்தரவைக் கூட்டிவிடும். கூட்ட முடியாதவர்களுக்குத்தான் ஆபத்து, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். சீரம் கார்டிசால் 4.1 மைக்ரோகிராம், பக்கத்தில் ‘குறைவு’. நார்மல் என்று அச்சடித்திருப்பது 6.2 முதல் 19.4. பார்த்தால் பகீர் என்றிருக்கும். ஆனால் தாளின் மேல் மூலையில், பெயருக்கும் வயதுக்கும் கீழே, பொடி எழுத்தில் ரத்தம் எடுத்த நேரம் மாலை 5:42 என்று இருக்கிறது. அச்சடித்த நார்மல் அளவோ காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் எடுத்த ரத்தத்துக்கானது. அதே கிட்டுக்கு மாலை அளவு 2.3 முதல் 11.9. ஆக, இந்த 4.1 மாலைக்கு நார்மல். லேபின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பார்க்காமல் கொடி பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

கார்டிசால் விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும், நாள் போகப்போக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். அதனால் குறைபாடு இருக்கிறதா என்று தேடுபவர்கள் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், அதிகம் இருக்கிறதா என்று தேடுபவர்களுக்கு இரவுநேர உமிழ்நீர்ப் பரிசோதனை உண்டு. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரமே இடம் மாறியிருக்கும், தூங்கி எழும் நேரத்தை டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். யூனிட்டையும் ஒரு கண் பாருங்கள்: இங்கே பெரும்பாலும் மைக்ரோகிராம்/டெசிலிட்டர், லண்டனிலோ சிங்கப்பூரிலோ எடுத்தால் நானோமோல்/லிட்டர். மைக்ரோகிராமை 27.6 ஆல் பெருக்கினால் நானோமோல் வந்துவிடும். மாமா சிங்கப்பூரிலிருந்து 400 என்று அனுப்பினால் அலற வேண்டாம், அது நம்ம கணக்கில் 14.5தான்.

அடுத்து, உள்ளே என்னென்ன போயிருக்கிறது

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் வாயில், மூக்கில், தோலில், மூட்டில் போன எல்லா மருந்தையும் எழுதுங்கள். ‘நான் எந்த மருந்தும் எடுப்பதில்லை’ என்று சொல்பவர்தான் முட்டிவலிக்கு மாதாமாதம் பெயர் போடாத பொட்டலத்தில் கலர் மாத்திரை வாங்குகிறவராக இருப்பார். பட்டை கிழித்துத் தனித்தனியாக, பேப்பர் கவரில் ‘காலை 1 இரவு 1’ என்று எழுதிக் கொடுப்பார்களே, அதற்குள் சின்னதாக வெள்ளையாக ஒன்று இருக்கும், சாப்பிட்ட அன்றே வலி பறந்துவிடும், பசி நன்றாக எடுக்கும். அது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இந்த மூன்றில் ஒன்று, மூன்றுமே கார்டிசாலின் வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள். நாட்டுமருந்து என்று விற்கும் சில பொடிகளிலும் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. ஆஸ்துமா இன்ஹேலர் அதிக டோஸில் நீண்டகாலம், மூட்டில் போட்ட ஊசி, முகம் வெளுக்க என்று மாதக்கணக்கில் பூசிய கிரீம், எல்லாமே கணக்கில் சேரும்.

சில மருந்துகள் பரிசோதனையையே ஏமாற்றும். பிரெட்னிசோலோன் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் பல மெஷின்கள் அதையும் கார்டிசால் என்று எண்ணிவிடும், டெக்ஸாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் கர்ப்பமும் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுவதால் மொத்த எண் உயர்ந்து தெரியும், உடம்பு பயன்படுத்தும் கார்டிசால் கூடியிருக்கத் தேவையில்லை. முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கிட்டுகளில் கார்டிசாலைக் கூட்டியும் ஏ.சி.டி.எச்.சைக் குறைத்தும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துவது நல்லது. அஸ்வகந்தா எடுத்தால் அதையும் எழுதுங்கள், ஆயுர்வேதம்தானே என்று விட வேண்டாம்.

இப்போது ஏ.சி.டி.எச்.

காலை கார்டிசால் 3க்குக் கீழே என்றால் குறைபாடு இருக்க வாய்ப்பு மிக அதிகம், 15க்கு மேலே என்றால் அநேகமாக இல்லை. நடுவில் வருவதுதான் தலைவலி. எப்படியிருந்தாலும் அடுத்த கேள்வி, குறை எங்கே, கீழே அட்ரினலிலா மேலே பிட்யூட்டரியிலா? அதற்கு அதே காலை ரத்தத்தில் ஏ.சி.டி.எச். பார்க்க வேண்டும். பல லேபுகளில் நார்மல் ஏறக்குறைய 10 முதல் 60 பைக்கோகிராம். இந்த ஹார்மோன் ரத்தக்குழாயைவிட்டு வெளியே வந்தால் சீக்கிரம் சிதைந்துவிடும். ஊதா மூடி டியூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, தாமதிக்காமல் மெஷினில் சுற்றிப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்னும் நாலு வீடு பார்த்துவிட்டுப் போனால் எண் பொய்யாகக் குறைந்து வரும். இந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் நேரே பெரிய லேபுக்குப் போவது புத்திசாலித்தனம்.

கார்டிசால் குறைவு, ஏ.சி.டி.எச். எகிறியிருக்கிறது என்றால் பிட்யூட்டரி கத்துகிறது, அட்ரினலால் முடியவில்லை. தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் இதுதான். மேலை நாடுகளில் இப்போது உடம்பே தன் சுரப்பியைத் தாக்குவது முக்கியக் காரணம். நம் ஊரில் டி.பி.யையும் மறக்கக்கூடாது. ஏ.சி.டி.எச். உருவாகும் மூலப்புரதத்திலிருந்தே தோலைக் கறுக்கவைக்கும் ஹார்மோனும் வருவதால் இவர்களுக்கு நிறம் கூடும். நம் நிறத்துக்கு முகத்தைப் பார்த்தால் தெரியாது, ‘வெயில்ல அலையறான்’ என்று விட்டுவிடுவோம். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறு, கன்னத்தின் உட்பக்கம், பழைய தழும்பு, இங்கெல்லாம் பாருங்கள். உப்பு மேல் ஆசை, எழுந்து நின்றால் தலைசுற்றல், எடை குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுதல் இவையும் சேர்ந்தால் சந்தேகம் உறுதிப்படும். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் கார்டிசாலை வேகமாகச் சிதைக்கும் என்பதால், சிகிச்சை தொடங்கிய பிறகு ஒருவர் திடீரென்று மோசமானால் அட்ரினலை நினைக்க வேண்டும்.

கார்டிசாலும் குறைவு, ஏ.சி.டி.எச்.சும் குறைவு என்றால் குறை மேலே. இங்கேதான் படித்தவர்களே வழுக்குகிறார்கள்: கார்டிசால் 2, ஏ.சி.டி.எச். 18, ‘நார்மல் ரேஞ்சில்தானே இருக்கிறது’ என்று தாளை மூடிவிடுவார்கள். கீழே கார்டிசால் இந்த அளவுக்கு விழுந்திருக்கும்போது பிட்யூட்டரி கூச்சல் போட்டிருக்க வேண்டும், அது சாதாரணக் குரலில் பேசுகிறது என்றால் அதுவே நோய். இவர்களுக்குத் தோல் கறுக்காது, ஆல்டோஸ்டிரோன் தப்பித்துவிடுவதால் பொட்டாசியமும் கூடாது. வெளியிலிருந்து எடுத்த ஸ்டீராய்டுதான் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். கட்டி, கதிர்வீச்சு சிகிச்சை இவையும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், அதற்குப் பிறகு பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், வருடக்கணக்கில் ‘சோம்பேறி’ என்று பேச்சு வாங்கும் பெண்ணுக்கு ஷீஹன் நோய், அதாவது அந்த ரத்தப்போக்கால் பிட்யூட்டரி கெட்டுப்போன நிலை, இருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும் பிட்யூட்டரி பாதிக்கப்படுகிறது, இது பர்மா, தென்னிந்தியா, இலங்கை மூன்றிலும் பதிவாகியிருக்கிறது. எப்போதோ பாம்பு கடித்ததை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள். இன்னொன்று, பிட்யூட்டரி கெட்டால் தைராய்டும் சேர்ந்து குறையும். கார்டிசால் குறையைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால் உடம்பு கார்டிசாலை இன்னும் வேகமாகச் செலவழித்து நெருக்கடிக்குப் போகலாம், ஸ்டீராய்டு முதலில், தைராய்டு பிறகு.

கார்டிசால் அதிகம் என்றால் அவசரப்பட வேண்டாம். உடல்பருமன், குடி, மனச்சோர்வு, கட்டுப்படாத சர்க்கரை, ஏன், ஊசியைக் கண்டு பயந்ததுகூட எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். நிஜமாகவே சந்தேகம் இருந்தால் இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸா கொடுத்துக் காலை 8 மணிக்குப் பார்ப்பார்கள், ஆரோக்கியமான பிட்யூட்டரி அடங்கிப்போய் கார்டிசால் 1.8க்குக் கீழே வந்துவிட வேண்டும். அடங்காமல் இருந்து வேறு பரிசோதனையும் அதையே சொன்னால், அதற்குப் பிறகு ஏ.சி.டி.எச்.: அது குறைவாக இருந்தால் அட்ரினல் கட்டியைத் தேடுவார்கள், இல்லையென்றால் பெரும்பாலும் பிட்யூட்டரிக் கட்டி, அபூர்வமாக நுரையீரல் போன்ற வேறு இடம். ஹார்வி குஷிங் 1932இல் எழுதியது இந்தப் பிட்யூட்டரி வகையைத்தான்.

முகம் உப்பலாக, கழுத்துக்குப் பின்னால் கொழுப்பு, தொடை எலும்பாக, வயிற்றில் ஊதாக் கோடு, அதாவது பார்த்தால் கார்டிசால் பொங்கி வழிகிற மாதிரி. ரிப்போர்ட்டில் கார்டிசால் 1, ஏ.சி.டி.எச். 5க்குக் கீழே. நம்மூரில் அடிக்கடி பார்க்கும் புதிர் இது. விடை அந்தப் பேப்பர் கவரில் இருக்கிறது.

ஸ்டீராய்டு எடுத்தவர்கள் செய்ய வேண்டியது

தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீர் வாங்கி மாடித் தொட்டியை நிறைத்துக்கொண்டே இருந்தால் சென்சார் வைத்த மோட்டார் ஓடவே ஓடாது. ஆறு மாதம் ஓடாமல் கிடந்த மோட்டார், லாரி வராத அன்றைக்கு சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஏற்றாது. வெளி ஸ்டீராய்டைப் பார்த்துப் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.சை நிறுத்துகிறது, உத்தரவு வராததால் அட்ரினலின் நடு அடுக்கு சுருங்கிப்போகிறது. நிறுத்திய பிறகு முதலில் பிட்யூட்டரி விழிக்கும், அப்புறம்தான் அட்ரினல். முழுதாகத் தேற மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

மூன்று நான்கு வாரத்துக்குள் எடுத்து முடித்த கோர்ஸ் என்றால் பொதுவாகப் பயமில்லை. அதற்கு மேல் போனால், உடம்பின் அன்றாடத் தேவையைத் தாண்டிய டோஸ் எடுத்திருந்தால், பிட்யூட்டரி தூங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத் தேவை என்பது பிரெட்னிசோலோன் கணக்கில் 4 முதல் 6 மில்லிகிராம். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனும் (மருந்தாக வரும் கார்டிசால்) 0.75 மில்லிகிராம் டெக்ஸாவும் ஏறக்குறைய சமம், அதனால் ‘அரை மில்லிகிராம் பொடிசு மாத்திரைதானே’ என்று டெக்ஸாவை எடை போடாதீர்கள்.

‘ஸ்டீராய்டாமே, கெடுதலாமே’ என்று தெரிந்த அன்றே தூக்கி எறிவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். நோய் அடங்கியிருந்தால் 5 மில்லிகிராம் பக்கம் வரும்வரை சற்று வேகமாகவும் அதற்குக் கீழே மிக மெதுவாகவும் குறைப்பார்கள். டெக்ஸா, பீட்டா எடுப்பவர்களைக் குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். குறைக்கும்போது உடம்புவலி, அசதி, எரிச்சல் வரும். அது எல்லாமே குறைபாடு ஆகாது, ஆனால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் நாட்களுக்குத் தனி விதி. ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மாற்று ஸ்டீராய்டில் இருப்பவர் காய்ச்சல் வந்தால் அன்றாட டோஸை இரண்டு மடங்காக்க வேண்டும், கடுமையாக இருந்தால் மூன்று மடங்கு, தேறியதும் பழைய அளவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை நல்லா இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள், நடுராத்திரியில் கணக்குப் போட முடியாது. மாத்திரை போட்ட அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போடுங்கள், மறுபடியும் வாந்தி என்றால் மாத்திரையை நம்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே கேட்க வேண்டியது பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைன் டிரிப்பும். வயிற்றுவலி, வாந்தி, லோ பி.பி. மூன்றும் சேர்ந்து வருவதால் கேஸ்ட்ரிக் என்று நினைத்து ஓரமாகப் படுக்கவைத்துவிடுவார்கள், வயதானவர் குழம்பிப் பேசினால் சோடியம் குறைவு என்று மட்டும் ஏற்றுவார்கள். ‘ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்’ என்ற ஒரு வாக்கியத்தை நீங்கள் சத்தமாகச் சொன்னால்தான் வேறு கதவு திறக்கும். அதை ஒரு அட்டையில் எழுதி ஆதார் கார்டோடு பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், மருந்து, டோஸ், அவசரத்தில் போட வேண்டிய ஊசி. பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள். தூரத்துக் கிராமத்தில் இருப்பவர்கள் அந்த ஊசிக் குப்பி ஒன்றை வீட்டில் வாங்கி வைத்து, பொடியைக் கரைத்துத் தொடையில் போட வீட்டில் ஒருவருக்காவது நர்ஸிடம் கற்றுத்தரச் சொல்வது உயிரைக் காப்பாற்றும்.

‘அட்ரினல் களைப்பு’ பற்றிக் கேட்பீர்கள். டென்ஷனால் அட்ரினல் களைத்துப்போய்விடுகிறது என்ற கருத்தை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் ‘அட்ரினல் சப்போர்ட்’ என்று விற்ற காப்ஸ்யூல்களைச் சோதித்தபோது தைராய்டு ஹார்மோனும் ஸ்டீராய்டும் உள்ளே இருந்தன; சாப்பிட்டால் பிட்யூட்டரி நிஜமாகவே தூங்கப் போய்விடும். அசதிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் குறட்டை, மனச்சோர்வு இவற்றை முதலில் பாருங்கள்.

கடைசியாக, சுரப்பி தேறிவிட்டதா என்று பார்க்கும் ரத்தம். அன்றாட அளவுக்கு டோஸ் இறங்கிய பிறகுதான் இதற்கு அர்த்தம். முந்தைய நாள் காலை டோஸுக்குப் பிறகு எதுவும் எடுக்காமல், அதாவது ஏறக்குறைய 24 மணி நேர இடைவெளி விட்டு (டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும்), காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். 10 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் பெரும்பாலும் நிறுத்தலாம் என்பார்கள். 5க்கும் 10க்கும் நடுவில் என்றால் அதே டோஸில் தொடர்ந்து சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், அல்லது 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச். ஊசி போட்டு அரைமணி, ஒருமணி கழித்து அட்ரினல் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள். 5க்குக் கீழே என்றால் மாத்திரை தொடரும், சில மாதம் கழித்து திரும்ப வரச் சொல்வார்கள், அந்தத் தேதியை காலண்டரில் குறித்துவிட்டே கிளம்புங்கள்.